சுண்ணாம்பில் வெந்த மக்காச்சோளம்

மே 3, 2025, சனி. புன்டா கோர்டா

விடிவதற்குள் சந்தை கூடிவிட்டது. பெலிஸ் நாட்டின் தென்கோடியில் இருக்கும் டொலிடோ மாவட்டத்துக்கு இது ஒன்றுதான் பட்டணம். மாயா கிராமங்களிலிருந்து பெண்கள் பழைய அமெரிக்கப் பள்ளிப் பேருந்துகளில் வந்து இறங்கி, கடலோரத் தெருவில் கடை பரப்பியிருந்தார்கள். கறுப்பு பீன்ஸ், பூசணி, மரவள்ளி, காய்ந்த கொக்கோ விதை, இலையில் கட்டி வேகவைத்த மக்காச்சோளக் கொழுக்கட்டை. மஞ்சள் கிழங்கு விற்ற அம்மாவின் முன்னோர் 19ஆம் நூற்றாண்டில் கரும்புத் தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். எந்த ஊர் என்பது அவருக்குத் தெரியவில்லை. மஞ்சள் போட்டுச் சமைக்கும் கோழிக்கறிக்குத் 'தக்காரி' என்று பெயர் சொன்னார். மொழி போன வீட்டில் குழம்பு நிலைத்திருக்கிறது.

நான் இந்தக் குழுப் பயணத்துக்குப் பெயர் கொடுத்ததற்குக் காரணம் அப்பா. பெரம்பலூர் பக்கம் எங்கள் மானாவாரி நிலத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேலாக மக்காச்சோளம்தான் போடுகிறார். விளைவதெல்லாம் நாமக்கல் கோழித்தீவனத்துக்குப் போகிறது. எங்கள் வீட்டில் அதை யாரும் சோறாக நினைத்ததில்லை. 2018இல் படைப்புழு வந்தபோது அப்பா விடிய விடியத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. அந்தப் பயிரும் அந்தப் புழுவும் இந்தக் கண்டத்திலிருந்து வந்தவை. இரண்டோடும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் வாழ்ந்தவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

மதியப் பேருந்தில் சான் பெட்ரோ கொலம்பியா வந்தோம். கெக்சி மொழி பேசும் மாயர்களின் ஊர். மொபான் மாயர்களும் உண்டு. ஆளுக்கொரு வீட்டில் தங்கல். என் வீட்டில் ஒரு அக்கா, அவர் கணவர், மூன்று பிள்ளைகள், அக்காவின் அப்பா. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படித்தவர்கள் என்பதால் எல்லோரோடும் பேச முடிகிறது. பெரியவர் மட்டும் கெக்சியில் பேசுவார். பேத்தி சொல்லித் தருகிறாள்.

மே 5, திங்கள்

நான்கு மணிக்கெல்லாம் அடுப்பு எரிந்தது.

நேற்று மாலையே காய்ந்த மக்காச்சோள மணிகளைத் தண்ணீரில் போட்டு, ஒரு கரண்டி சுண்ணாம்பு கலந்து கொதிக்கவைத்திருந்தார் அக்கா. இரண்டு மணிகளை எடுத்து விரலிடுக்கில் தேய்த்தார். தோல் வழுக்கிக்கொண்டு கழன்றது. "இவ்வளவுதான். இதற்கு மேல் வெந்தால் மாவு ஒட்டும்" என்று இறக்கிவிட்டார். இரவு முழுக்க அந்த நீரிலேயே ஊறல். காலையில் மஞ்சள் நீரை வடித்து, மூன்று தண்ணீர் விட்டு அலசி, வாளியைத் தூக்கிக்கொண்டு ஊர் அரைவை மில்லுக்குப் போனோம். அங்கே ஏற்கெனவே பெண்கள் வரிசை. வீடு திரும்பி அந்த ஈரமாவைக் கால் வைத்த அம்மியில் இன்னொரு முறை இழைத்தார். உள்ளங்கையளவு உருண்டை, விரல் நுனியால் தட்டித் தட்டி வட்டம், சூடேறிய தட்டுக்கல்லில் போட்டுத் திருப்பினால் பூரி மாதிரி உப்பி எழுகிறது. அதுதான் தோர்த்தியா. மூன்று வேளையும் அதுதான் சோறு.

சுண்ணாம்பு இந்த ஊர் ஆற்றில் கிடைக்கும் 'ஹூத்தே' என்ற நத்தையிலிருந்து வந்த காலம் உண்டு. நத்தையைக் குழம்பில் போட்டுச் சாப்பிட்டுவிட்டு ஓட்டைச் சுட்டு நீற்றுவார்கள். இப்போது கடையில் பொட்டலமாக வருகிறது. எங்கள் அப்பாயி வெற்றிலைக்குக் கிளிஞ்சல் சுண்ணாம்பு நீற்றியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் வேலை உடனே பிடிபட்டது.

இதை விரிவாக எழுதியே தீரவேண்டும். மக்காச்சோளத்தில் நியாசின் என்ற பி வைட்டமின் இருக்கிறது; ஆனால் குடல் எடுத்துக்கொள்ள முடியாதபடி கட்டுண்டு கிடக்கிறது. சுண்ணாம்புநீரில் கொதித்தால்தான் அது அவிழும். கூடவே சுண்ணாம்புச் சத்தும் ஏறும். ஸ்பானியர்கள் விதையைக் கொண்டுபோனார்கள்; இந்தச் சமையலைக் கொண்டுபோகவில்லை. 1735இல் வட ஸ்பெயினில் காஸ்பர் கசால் என்ற மருத்துவர், மக்காச்சோளத்தையே தின்று வாழ்ந்த ஏழைக் குடியானவர்களிடம் ஒரு புது நோயைக் கண்டு எழுதிவைத்தார். தோல் சிவந்து உரியும், வயிறு போகும், புத்தி பேதலிக்கும், பிறகு சாவு. பெலாக்ரா என்று அதற்குப் பெயர் வந்தது. வட இத்தாலியில் தலைமுறை தலைமுறையாக இருந்தது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்கத் தென் மாநிலங்களில் ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். இது தொற்றுநோய் அல்ல, உணவுக் குறை என்று ஜோசப் கோல்ட்பர்கர் போராடி நிறுவினார். நியாசின்தான் மருந்து என்பது 1937இல்தான் தெரிந்தது. இருநூறு ஆண்டுச் சாவுக்கு விடை ஒவ்வொரு மாயா அடுப்பிலும் வெந்துகொண்டிருந்தது. யாரும் இந்தப் பெண்களைக் கேட்கவில்லை.

மே 6, செவ்வாய்

பகல் முழுக்கக் கதிர் உதிர்த்தோம். ஆற்றில் துணி துவைத்தல், குளியல். கடும் வெயில். மழைக்கு இன்னும் இரண்டு வாரம் ஆகலாம் என்கிறார் பெரியவர். ஆண்டுக்கு 4,000 மில்லிமீட்டர் வரை மழை கொட்டும் மாவட்டம் இது; ஆனால் பிப்ரவரி முதல் மே வரை காய்கிறது. அந்தக் காய்ச்சலை நம்பித்தான், காட்டை வெட்டிப் பயிரிடும் புனத்தை எரிக்கிறார்கள்.

மே 7, புதன்

கொக்கோத் தோட்டத்தில் களை எடுத்தோம். தோட்டம் என்றால் பாத்தி, வரிசை எதுவும் கிடையாது. மேலே மகோகனியும் சப்போட்டாவும் நிழல் தர, நடுவில் வாழை, மா, சாப்பிரா, அடியில் கொக்கோ. தரை முழுக்க முழங்கால் புதையச் சருகு. சருகைக் கூட்டி ஒதுக்கவா என்று எங்கள் குழுவில் ஒருவர் கேட்டார். அக்காவின் கணவர் வேண்டாம் என்றார். கொக்கோப் பூவுக்கு மகரந்தம் சேர்ப்பது தேனீ அல்ல. கடுகளவே உள்ள ஓர் ஈ. அது முட்டையிட்டு வளர்வது இந்த ஈரச் சருகில்தான். சருகைச் சுத்தம் செய்தால் காய் பிடிக்காது. பொள்ளாச்சியில் தென்னைக்கு அடியில் கொக்கோ போடுபவர்களுக்கும் இது உதவும் செய்தி.

காய் மரத்தண்டிலேயே காய்க்கிறது. பறிக்கும்போது காம்பு முளைத்த முடிச்சில் கத்தி படக்கூடாது. பட்டால் அந்த இடத்தில் மறுபடி பூக்காது. உடைத்தால் வெள்ளைச் சதை, சீத்தாப்பழத்துக்கும் எலுமிச்சைக்கும் நடுவில் ஒரு சுவை. சதையோடு விதையை மரப்பெட்டியில் கொட்டி வாழையிலை மூடி ஐந்தாறு நாள் புளிக்கவிடுகிறார்கள். கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. அந்தச் சூட்டில்தான் முளை செத்து, விதைக்குள் சாக்லேட் மணத்துக்கான வித்து விழுகிறது. பிறகு வெயிலில் காய்ச்சல்.

மாலையில் அக்கா வறுத்துத் தோல் நீக்கி அம்மியில் அரைத்தார். கொழுப்பு உருகி விழுதாகிறது. அதைத் தண்ணீரில் கரைத்து, வறுத்த மக்காச்சோள மாவும் மிளகுப் பொடியும் சேர்த்துக் கொடுத்தார். நம் மேற்குத்தொடர்ச்சி மலையின் மிளகு, மாயர்களின் கொக்கோவுக்குள் எந்தக் கப்பலில் எத்தனை துறைமுகம் தாண்டி வந்து சேர்ந்ததோ. சர்க்கரை சேர்க்காத அந்தக் கசப்பும் காரமும் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இந்த விதையைத்தான் இவர்கள் முன்னோர் நாணயமாகவும் எண்ணிக் கொடுத்தார்கள்.

விலைக் கதையை அக்காவின் கணவர் சொன்னார். 1980களில் கொக்கோ போடுங்கள், வாங்கிக்கொள்கிறோம் என்று வெளியார் வந்தார்கள். கடன் வாங்கிப் போட்டார்கள். 90களின் தொடக்கத்தில் உலக விலை சரிந்தது, வாங்க ஆள் இல்லை, காய் மரத்திலேயே அழுகியது. அப்போதுதான் லண்டனைச் சேர்ந்த கிரீன் அண்ட் பிளாக்ஸ், டொலிடோ கொக்கோ விவசாயிகள் சங்கத்திடம் வாங்கத் தொடங்கியது. 1994இல் வந்த 'மாயா கோல்ட்' சாக்லேட், பிரிட்டனில் நியாய வணிக முத்திரை பெற்ற முதல் பொருள். அந்தப் பணத்தில் பல வீடுகளில் பிள்ளைகள் உயர்நிலைப் பள்ளிக்குப் போனார்கள். 2001 அக்டோபர் 8ஆம் தேதி ஐரிஸ் சூறாவளி அடித்து நிழல்மரங்கள் கொக்கோவின் மேலேயே சாய்ந்தன. மறுபடி நட்டார்கள். சென்ற டிசம்பரில் உலக விலை டன்னுக்கு 12,000 டாலரைத் தாண்டியது. அதற்காக மக்காச்சோளத்தைக் குறைத்துக் கொக்கோவைக் கூட்டுவீர்களா என்று கேட்டேன். "கொக்கோ விலை விழுந்தால் கொக்கோவைச் சாப்பிட முடியாது" என்றார்.

மே 8, வியாழன்

ஊரிலிருந்து நடை தூரத்தில் லுபான்தூன். 8, 9ஆம் நூற்றாண்டுகளில் இருந்த மாயா நகரம். சாந்து இல்லாமல், செதுக்கிய கல்லைக் கல்மேல் பொருத்தியே கட்டியிருக்கிறார்கள். மேடைகளின் மூலைகள் கூராக இல்லாமல் வளைந்திருப்பது வேறெங்கும் நான் பார்க்காதது. பந்தாட்டக் களங்கள் இருக்கின்றன. மன்னர் பெயர் பொறித்த நெடுங்கற்கள் இங்கே இல்லை. அவற்றைப் பார்க்க நிம் லி புனித் என்ற இன்னொரு பழைய நகரத்துக்குப் போக வேண்டும்.

வருகிற வெளிநாட்டார் பலரும் கேட்பது படிக மண்டையோட்டைப் பற்றித்தான். 1920களில் இங்கே தோண்டும்போது கிடைத்தது என்று ஒரு ஆங்கிலேயக் குடும்பம் பரப்பிய கதை. அந்த மண்டையோடு 1943இல் லண்டன் ஏலத்துக்கு வந்த பொருள். நவீனக் கருவியால் செதுக்கியது என்று ஆய்வு சொல்லிவிட்டது. அந்தப் பொய்க்கு இருக்கிற பேர், இங்கே உட்கார்ந்து கல் செதுக்கியவனுக்கு இல்லை என்பது எனக்கு வலிக்கிறது.

'மறைந்துபோன மாயர்கள்' என்ற பேச்சும் அப்படியே. நகரங்கள் கைவிடப்பட்டன; மக்கள் மறையவில்லை. மெக்சிகோ, குவாத்தமாலா, பெலிஸ் மூன்றிலும் பல இலட்சம் பேர் முப்பதை ஒட்டிய மாயா மொழிகளைப் பேசுகிறார்கள். சீட்டுக் கொடுத்தவரும் கெக்சி, வழி காட்டியவரும் கெக்சி.

மே 9, வெள்ளி

இன்று ஊர்ப் பொதுவேலை. இங்கே அதை ஃபஹீனா என்கிறார்கள். வீட்டுக்கு ஓர் ஆள் கட்டாயம். பள்ளி மைதானப் புல், பாதையோரப் புதர் எல்லாம் கத்தியால் வெட்டிச் சுத்தம் செய்தோம். கூப்பிடுவது அல்கால்தே, ஊரார் கைதூக்கித் தேர்ந்தெடுத்த தலைவர். சிறு வழக்குகளையும் அவரே தீர்க்கிறார்.

வேலை முடிந்து மரநிழலில் நிலத்தைப் பற்றிப் பேசினார்கள். நிலம் ஊருக்குப் பொது. யார் எந்தத் துண்டில் இந்த ஆண்டு பயிரிடுவது என்று பேசி முடிவு செய்கிறார்கள். ஓரிரு போகம் எடுத்துவிட்டுக் காடாக வளர விட்டுவிடுவார்கள். பல ஆண்டுகள் கழித்துத்தான் திரும்புவார்கள். காடு வளர்ந்தால் மண் தேறும். ஆகவே பயிர் நிற்கும் நிலத்தைப்போலப் பல மடங்கு 'சும்மா' கிடக்க வேண்டும். அரசாங்கத்தின் கண்ணுக்கு அது ஆளில்லாத காடு. 1990களில் அந்தக் காட்டில் மரம் வெட்ட வெளிநாட்டு நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்தார்கள். மாயர்கள் வழக்குப் போட்டார்கள். 2004இல் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை ஆணையம் அவர்கள் பக்கம் சொன்னது. 2007இல் தலைமை நீதிபதி அப்துலாய் கோன்டே, கொனேஹோ, சாந்தா குரூஸ் என்ற இரண்டு ஊர்களின் மரபு உரிமையை ஏற்றுத் தீர்ப்பளித்தார். மாயர்கள் 19ஆம் நூற்றாண்டில் குவாத்தமாலாவிலிருந்து வந்த குடியேறிகள் என்பது அரசு வைத்த வாதங்களில் ஒன்று. அங்கே காப்பித் தோட்டக் கட்டாய வேலைக்குத் தப்பி வந்தவர்கள் உண்டு, உண்மைதான். அந்த எல்லைக்கோட்டை மாயர்கள் போடவில்லையே. கடைசியில் 2015 ஏப்ரல் 22ஆம் தேதி கரீபிய நீதிமன்றம் டொலிடோவின் 38 ஊர்களுக்கும் அந்த உரிமையை உறுதி செய்தது. பத்தாண்டு ஆகிவிட்டது. ஊர் எல்லைகளை வரைந்து சட்டமாக்கும் வேலை இன்னும் முடியவில்லை.

புனம் எரிப்பதைக் குறை சொல்லும் கட்டுரைகளை நான் படித்திருக்கிறேன். சென்ற ஆண்டு மே மாத வறட்சியில் தீ கைமீறி இந்த மாவட்டத்தில் கொக்கோத் தோட்டங்கள் வரை எரிந்ததை இவர்களும் மறைக்கவில்லை. இப்போது தீத்தடுப்புப் பாதை அகலமாக வெட்டி, ஆள் நிறுத்தி, காற்று ஓய்ந்த நேரத்தில்தான் கொளுத்துகிறார்கள். எரிக்காமல் செய்யும் முறையும் இவர்களிடம் பழையது ஒன்று இருக்கிறது. ஆற்றோர ஈரநிலத்தில் புதரை வெட்டி அப்படியே மூடாக்காகப் போட்டு, ஆண்டு இறுதியில் ஊன்றி, மார்ச் ஏப்ரலில் அறுக்கிறார்கள். 'மாத்தாம்ப்ரே' என்று அதற்குப் பெயர். நாங்கள் இப்போது சாப்பிடுவது அந்த மணிதான். இங்கா என்ற பயறுவகை மரத்தை வரிசையாக நட்டு, கவாத்து செய்த தழையை மூடாக்காக்கும் முறையையும் மாவட்டத்தில் சிலர் செய்துபார்க்கிறார்கள். நம்பிக்கை தரும் வேலை அது.

நாளை ஊன்றல். இரவு பெரியவர் விதைக்கூடையின் முன் மெழுகுவர்த்தி ஏற்றி, கோபல் பிசினைத் தணலில் போட்டார். வீடு முழுக்கப் புகை. ஆண்கள் தூங்காமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள்.

மே 10, சனி

எரித்த புனம் மலைச்சரிவில் இருக்கிறது. சாம்பல், கரிந்த அடிமரங்கள், நடுவே வெட்டாமல் விட்ட கோஹூன் பனைகள். பதினெட்டு இருபது ஆண்கள் வந்திருந்தார்கள். கூலி கிடையாது, இன்று அக்காவின் கணவருக்காக வந்தவர்களின் நிலத்தில் நாளை அவர் போய் ஊன்ற வேண்டும். ஆள் உயரக் கழி, நுனி கூர். ஒரு குத்து, துளைக்குள் நான்கைந்து மணி, காலால் கூட மூடாமல் அடுத்த எட்டு. வரிசை பிசகாமல் பாறைக்கும் வேருக்கும் இடையில் ஏறிப் போகிறார்கள். உழவில்லை, அந்தச் சரிவில் உழுதால் முதல் மழையில் மண் ஆற்றுக்குப் போய்விடும்.

விதை முழுக்கச் சொந்த விதை. வெள்ளை, மஞ்சள், கொஞ்சம் கறுப்பு. சென்ற அறுவடையில் பெரிய கதிராகப் பொறுக்கி, தோகையோடு அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டது. புகை பட்டால் வண்டு அண்டாது. எங்கள் நிலத்துக்கு ஒவ்வொரு ஆண்டும் விதைப் பொட்டலம் காசு கொடுத்து வாங்குகிறோம்.

பாடப்புத்தகத்தில் மக்காச்சோளம், பீன்ஸ், பூசணி மூன்றும் ஒரே குழியில் என்று படித்தேன். இந்த ஊரில் அப்படியில்லை. பயிர் முளைத்த பிறகு இடையிடையே பூசணி, மரவள்ளி, வாழை வைக்கிறார்கள். கறுப்பு பீன்ஸ், மழை அடங்கிய பிறகு ஆண்டு முடிவில் தனித் துண்டில். கதிர் முற்றியதும் தட்டையைப் பாதியில் ஒடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவார்கள். மழைநீர் உள்ளே இறங்காது, வேண்டும்போது ஒடித்துக்கொள்ளலாம். காடே களஞ்சியம்.

மதியம் பெண்கள் சாப்பாட்டோடு வந்தோம். நாட்டுக்கோழிச் சாறு, சாப்பிரா விதையின் சிவப்பும் நீள இலை மல்லியின் வாசமுமாக, 'வாஹா' இலையில் கட்டிய உப்பில்லாக் கொழுக்கட்டை, கொக்கோ. முந்தின இரவு முழுக்கச் சமைத்தது. ஊன்றலில் பாதி வேலை அடுப்படியில் நடக்கிறது. அதைக் கணக்கில் எழுதுபவர்கள் குறைவு.

படைப்புழுவின் படத்தைக் காட்டினேன். எல்லோருக்கும் தெரிந்திருந்தது. என்ன செய்வீர்கள் என்றேன். "குருத்தில் சாம்பல் போடுவோம். கொஞ்சம் அது தின்னும். மிச்சம் நமக்கு" என்றார் பெரியவர். அலட்சியமாகச் சொன்னதல்ல. புனத்தைச் சுற்றிக் காடு. காட்டில் குளவி, பறவை, எறும்பு. ஒரு புனத்துக்கும் அடுத்த புனத்துக்கும் நடுவே தொலைவு. மருந்து அடித்து அந்தக் குளவிகளை யாரும் கொல்லவில்லை. 2018இல் இந்தியாவில் புழு இறங்கியபோது அதன் எதிரிகள் கூட வரவில்லை; அது பார்த்ததோ ஏக்கர் ஏக்கராக ஒரே பயிர். நம் வேளாண் பல்கலைக்கழகம் இப்போது உளுந்து, பாசிப்பயறு ஊடுபயிராகவும், தட்டைப்பயறு, எள், சூரியகாந்தி வரப்புப் பயிராகவும் போடச் சொல்கிறது. நல்ல அறிவுரை. இந்தச் சரிவில் நின்று பார்க்கும்போது அது ஏன் நல்ல அறிவுரை என்று புரிகிறது.

மே 12, திங்கள்

முழுநிலவு, நம் ஊரில் சித்ரா பௌர்ணமி. கூரைக்கு இலை வெட்ட இதுதான் நாள் என்றார்கள். முழுநிலவில் வெட்டிய இலை பூச்சி அரிக்காமல் பல ஆண்டு தாங்கும் என்பது இவர்கள் அனுபவம். கோஹூன் இலைகளை நடுநரம்போடு பிளந்து சுமந்தோம். ஒவ்வொரு மரத்திலும் குருத்தையும் சில இலைகளையும் விட்டுவிடுகிறார்கள்.

மே 13, செவ்வாய்

நாளைக் காலை கிளம்புகிறோம். கல்லூரியில் எனக்குக் கீழ் வகுப்பில் படிக்கும் தங்கை ஒருத்தி, "அக்கா, நானும் வரலாமா, அங்கே போய் என்ன உதவி செய்யலாம்?" என்று எழுதிக் கேட்டிருந்தாள். இப்படிப் பதில் எழுதினேன்.

கட்டாயம் வா. உதவி செய்யப் போகிறோம் என்று நினைத்து வராதே, படிக்க வா. இந்த ஊரின் பத்து வயதுப் பையன் ஒரு பகலில் செய்யும் காட்டுவேலையை வெளியூர்க்காரர்கள் ஒரு வாரத்திலும் செய்ய முடியாது. நாம் கொடுக்கும் காசு யார் கைக்குப் போகிறது என்பதுதான் முதலில் கேட்க வேண்டிய கேள்வி. தங்கும் காசும் சாப்பாட்டுக் காசும் வீட்டுப் பெண்கள் கைக்கே போகும் ஏற்பாடாக இருந்தால் வா. இடைத்தரகர் கைக்குப் போனால் வேறு வழி தேடு. இந்த மாவட்டத்தின் சில ஊர்களில் விருந்தினருக்கு ஒவ்வொரு வேளையும் ஒவ்வொரு வீட்டில் சாப்பாடு என்று முறை வைத்திருக்கிறார்கள். அப்படிப்பட்ட இடம் நல்லது. மே மாதம் வந்தால் ஊன்றலைப் பார்க்கலாம். வருவதற்கு முன் 2015 தீர்ப்பைப் படித்துவிடு. நிலம் பொதுவாக இருக்கிறவரைதான் இந்தப் புனம், இந்த விதை, இந்தச் சமையல் எல்லாம்.

அப்பாவிடம் போனில் பேசினேன். ஆவணியில் விதைக்கும்போது அரை ஏக்கரில் மட்டும் நாட்டு மக்காச்சோளமும் நடுவில் உளுந்தும், வரப்பில் தட்டைப்பயறும் போட்டுப் பார்க்கலாம் என்றிருக்கிறார். அந்த அரை ஏக்கர் மணி கோழிக்குப் போகாது. சுண்ணாம்பில் வேகவைத்து வீட்டில் சாப்பிடப் போகிறோம். மக்காச்சோளம் போடுகிற எல்லா வீட்டிலும் ஒரு படியாவது இப்படிச் சமைத்துப் பாருங்கள். ஒரு படி மணிக்கு ஒரு மேசைக்கரண்டி சமையலுக்கு உகந்த சுண்ணாம்பு போதும். தோல் கழன்றதும் இறக்கி, ஓர் இரவு ஊறவிட்டு, நன்றாக அலசி அரைக்க வேண்டும்.